பேரம் பேசாத வீடு

அன்றைக்கும் வழக்கம்போலச் செருப்பைக் கேட்டோரம் கழற்றி விட்டுவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்லில் கால் வைத்தேன். துடியலூருக்கு மேற்கே உள்ளடங்கிய வீடு அது. ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்க ஆரம்பித்திருந்தது. வெயில் இன்னும் மதிலைத் தாண்டவில்லை. புல் நுனியெல்லாம் நீர் கோத்து, தரை முழுக்க வெளுத்துக் கிடந்தது.

புல்தரைப் பராமரிப்புக்கு விலை சொல்லப் போகும் இடத்தில் நான் டேப்பைப் பிறகுதான் எடுப்பேன். முதலில் வெறுங்காலில் ஒரு சுற்று. மண் எங்கே இறுகியிருக்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, கோரைக்கிழங்கு எங்கே முடிச்சு முடிச்சாக உட்கார்ந்திருக்கிறது என்பதெல்லாம் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். இதைப் பார்த்துச் சிரிக்காத வீட்டுக்காரர் இல்லை. சிரித்தால் சிரிக்கட்டும். நீள அகலத்தை டேப் சொல்லிவிடும். அந்தத் தரை மாதாமாதம் என் ஆட்களை என்ன பாடு படுத்தப்போகிறது என்று டேப்புக்குத் தெரியாது.

பாதித் தரை நடந்திருப்பேன். கால் ஒரு தடத்தில் போய் நின்றது.

கேட்டிலிருந்து புறப்பட்டு வீட்டுப் படியை நோக்கி நேராக வந்த தடம். அந்த இடத்தில் மட்டும் பனி கலைந்து புல் கரும்பச்சையாகத் தெரிந்தது. திரும்பி, நான் வந்த வழியைப் பார்த்தேன். என் கால் பட்ட இடமும் அதே கரும்பச்சைதான். சற்று முன்னால் யாரோ நடந்து வந்திருக்கிறார்கள். சின்னப் பாதம், வெறுங்கால்.

ஆனால் அந்தத் தடம் படிவரை போகவில்லை. தரையின் நடுவில் நின்றுவிட்டது. திரும்பிப் போன அடையாளமும் இல்லை.

இது பேய்க்கதைக்காகக் கவனித்ததல்ல, தொழிலுக்காகக் கவனித்தது. பால்காரரோ வாட்ச்மேனோ தினம் குறுக்கே நடக்கிற தரையில் புல் சொட்டையாகிவிடும், மறுபடி நட வேண்டும், விலை கூடும். அதனால், போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தேவராஜ் அண்ணனிடம் இதில் யார் நடக்கிறார்கள் என்று கேட்டேன். மோட்டார் பம்ப் பட்டறை நடத்தி, விற்றுவிட்டு, ஓய்ந்திருந்த மனிதர். தனியாகத்தான் இருந்தார்.

"ஆருமில்லீங் அம்மிணி" என்றார். "எனக்குச் சக்கர. வெறுங்கால்ல புல்லுல எறங்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. வேற ஆரு இருக்கறா இங்க?"

அவர் காலில் சர்க்கரைக்காரர்கள் போடும் கனத்த எம்.சி.ஆர். செருப்பு இருந்தது. அந்தக் கால் இந்தத் தடத்தை விட இரண்டு மடங்கு.

வேண்டாத வேலைக்கு ஒரு விலை

நர்சரி நடத்தி நொடித்த கதையைப் போன வாரம் எழுதினேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு, புல்லுக்குப் போய் எப்படியம்மா விலை போடுவீர்கள் என்று கேட்டவர்கள் நிறைய. பெரிய வித்தை ஒன்றுமில்லை. எத்தனை செண்ட், கொரியன் புல்லா மெக்சிகன் புல்லா, போர் தண்ணீரா, மரநிழல் உண்டா, களை பறிக்க எத்தனை பெண்கள், மெஷினுக்குப் பெட்ரோல், உரம், மணல். கூட்டினால் ஒரு தொகை வரும். அதற்கு மேல் நம் லாபம். பேரத்தில் விட்டுக்கொடுக்கக் கொஞ்சம் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விலையும் உண்டு. வேலை நமக்கு வேண்டாம், ஆனால் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்ல முடியாது என்றால், அவர்களே ஓடிவிடும்படி ஒரு தொகையைச் சொல்வது. பெயிண்டர், கொத்தனார், சமையல்காரர் எல்லாரும் செய்வதுதான். நானும் செய்வேன்.

அந்தத் தரைக்கு என் மனக்கணக்கு ஆறாயிரத்து நானூறு வந்தது. வாரம் ஒரு வெட்டு, களை, உரம் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு. அதை நான் வாய் விட்டுச் சொல்லவில்லை. முதுகுப்பக்கம் யாரோ நின்று பார்ப்பது போலிருந்தது. வேலையை எடுக்கவே மனசில்லை. பதினாலாயிரம் என்றேன்.

"சரிங்" என்றார் தேவராஜ் அண்ணன்.

எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது அப்போதுதான்.

உள்ளே போய்க் கேட்பது

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் விலையைக் கேட்டு உடனே சரி சொல்கிற ஆள் கிடையாது. நாலு மில்லுக்குச் சொந்தக்காரராக இருப்பார், ஒரு கட்டுக் கீரைக்குக் கால் மணி நேரம் பேசுவார். மரியாதையாகத்தான் பேசுவார். 'ங்க' போட்டுப் போட்டே நம் லாபத்தை உருவி எடுத்துவிடுவார்.

அந்தியூர்ச் சந்தையில் என் மாமனார் மாடு வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். துண்டுக்கு அடியில் தரகரும் அவரும் விரலைப் பிடித்துக்கொண்டு, வாய் பேசாமலே ஒரு மத்தியானத்தை ஓட்டினார்கள். கடைசியில் வாங்கவே இல்லை. திரும்பி வரும்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

வீடுகளில் அந்தத் துண்டுக்குப் பதில் ஒரு வாசகம் உண்டு. "இருங்க, ஊட்ல கேட்டுச் சொல்றேனுங்க." ஆண்பிள்ளை விலையைக் கேட்டுக்கொண்டு உள்ளே போவார். அடுப்படியில் அம்மணி ஒரு தொகை சொல்வார். அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தனக்கு ஒன்றும் சம்பந்தமில்லாத முகத்தோடு, "இவ்வளவுன்னாத்தான் கட்டுமாமுங்க" என்பார். நாம் யாரிடம் சண்டை போடுவது? சொன்ன ஆள் எதிரிலேயே இல்லையே.

போத்தனூரில் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டம்மா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறார் என்று வந்ததும் அவரே சொன்னார். விலை சொன்னவுடன் பழக்க தோஷத்தில் உள்ளே கேட்கப் போய்விட்டார். பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, "ஐநூறு கொறைக்கச் சொல்றாங்க" என்றார். நான் சிரித்ததில் அவருக்கும் சிரிப்பு வந்து, கடைசியில் முந்நூறு குறைத்தேன். உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் போய்க் கேட்டு வருவதுதான் எங்கள் ஊர் நடைமுறை.

அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் பதினாலாயிரத்துக்குச் சரிங் என்கிறார். வேலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்ட பிறகு எப்படி மறுப்பது?

கிளம்பும்போது அவராகவே ஒன்று சொன்னார். "இப்போதைக்கு நீங்க சொன்ன வெலையே இருக்கட்டுங். அப்பறமா வந்து பேசிக்குவாங்க." யார் வந்து என்று நான் கேட்கவில்லை. வெளியூரில் இருக்கிற மகளைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு விரற்கடை

அவர் போட்டது ஒரே நிபந்தனை. புல்லை ஒட்ட வெட்டக்கூடாது. இரண்டு விரற்கடை உயரம் நிற்க வேண்டும். அந்த உயரத்தில்தான் கால் வைத்தால் புல் மடங்கும், பனியும் நன்றாகப் பிடிக்கும். வாடிக்கையாளர்கள் வழுவழு என்று கேட்பார்கள், பசேல் என்று கேட்பார்கள். காலடி தெரிகிற மாதிரி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வாராவாரம் போனோம். போகும்போதெல்லாம் பனியில் அந்தத் தடம் இருந்தது. வெட்டினால் அழிந்துவிடும், அடுத்த வாரம் புதிதாகக் கேட்டிலிருந்து தொடங்கியிருக்கும். ஒவ்வொரு தடவையும் படிக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்கும். கேட் உள்பக்கம் பூட்டியே இருந்தது. நான் ஹாரன் அடித்த பிறகுதான் அவர் சாவியோடு செருப்பை இழுத்து இழுத்து, சிமெண்ட் நடைபாதை வழியாக வருவார்.

களை பறிக்கிற பெண்களில் மூத்தவர் மயிலாத்தா. யாருக்கும் பயந்து பேசுபவர் இல்லை. என்னையே நாலு பேர் எதிரில் திட்டுவார். அந்தத் தரையில் மட்டும் வேலை முடிகிறவரை பேசவே மாட்டார். தடத்துக்கு இந்தப் பக்கம் பறிப்பார், எழுந்து சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் பறிப்பார். தாண்ட மாட்டார். ஒருநாள் அதட்டிக் கேட்டேன்.

"வாரவங்க வழியில நாம குறுக்க ஒக்காரலாமா கண்ணு?" என்றார். "நீ வேற மெசினுல ஓட்டி ஓட்டி அழிச்சுப்போடற. பாவம், மறுக்கா மொதல்ல இருந்து நடக்கோணுமல்லொ?"

சும்மா இருங்கள் என்று அடக்கினேன். ஆனால் அன்றைக்கு மெஷின் அந்தத் தடத்தில் ஏறும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. அதை விட, ஏதோ செய்யக்கூடாததைச் செய்கிறோம் என்றிருந்தது.

மகள் போட்ட கெடு

மார்கழி பிறந்ததும் தேவராஜ் அண்ணனின் மகள் நித்யா பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். நல்ல பெண். சண்டை போடத்தான் போன் செய்தாள் என்று குரலிலேயே தெரிந்தது.

ஐந்து செண்ட் புல்லுக்குப் பதினாலாயிரமா என்று கேட்டாள். நியாயம்தானே? குறைத்துக்கொள்கிறேன் என்று உடனே ஒத்துக்கொண்டேன். அவளுக்கு அது போதவில்லை. அம்மா தவறி ஒரு வருடம் ஆகப்போகிறது, அப்பா யாரிடமும் விலை பேசுவதே இல்லை, கேட்டால் அம்மா பேசிக்குவா என்கிறார் என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். புத்தி தடுமாறுகிறது என்று பயந்து போயிருந்தாள். புல்லை எடுத்துவிட்டுத் தரை முழுக்க சிமெண்ட் கல் பதித்து, வீட்டை வாடகைக்கு விட்டு, அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போவதாக முடிவு செய்திருந்தாள். கல்லும் வந்து இறங்கிவிட்டது.

"எங்கப்பா வாயால ஒரே ஒரு வெலை பேசட்டுங் ஆன்ட்டி" என்றாள். "பேசிட்டாருன்னா அவரு நல்லாத்தான் இருக்காருன்னு நான் நம்பிக்கறேன். புல்லும் இருக்கட்டும், அவரும் அங்கயே இருக்கட்டும். இல்லீன்னா பொங்கலுக்கு முன்னாடி கல்லுப் பதிக்க ஆளு வருது."

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மதிலோரம் சாம்பல் நிறக் கற்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. விஷயத்தை அவரிடம் ஒளிக்காமல் சொன்னேன். நான் கேட்கிற விலை அநியாயம், குறைத்துக் கேளுங்கள், ஒரு தொகை சொல்லுங்கள், போதும் என்றேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"நான் பேசக்கூடாதுங் அம்மிணி. அவதான் பேசறேன்னு சொல்லியிருக்கறா."

பிறகு சொன்னார். அவர் மனைவி சரோஜா அக்காவுக்கு மூச்சுத் திணறி ஆம்புலன்ஸ் வந்த அன்று, முன்பு புல் வெட்டிக்கொண்டிருந்த ஆளும் விலையை ஏற்றிக் கேட்டுக்கொண்டு கேட்டருகே நின்றிருக்கிறான். அவ்வளவு இளைப்பிலும் அக்கா இவர் சட்டையைப் பிடித்து இழுத்து, 'நீங்க சரின்னு தலையாட்டிப்போடாதீங்க, நான் வந்து பேசிக்கறேன்' என்றிருக்கிறார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான். அந்தப் புல்லை நட்டதும் அவர்தானாம். வெறுங்காலில்தான் நடப்பாராம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை மறைக்கக் கோபம்தான் வந்தது. இப்படியே உட்கார்ந்திருந்தால் பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் போய்த்தான் உட்காரப் போகிறீர்கள், அங்கே எந்தப் புல்லில் யார் நடந்து வருவார்கள் என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது.

அவர் கோபப்படவில்லை. கையை நீட்டிப் புல்லைக் காட்டினார்.

"கொஞ்சம் பொறுத்துக்குங். இன்னும் ரெண்டு மூணு எட்டுத்தான் இருக்குது."

வெட்ட வந்த ஆளிடம் அந்த வாரம் மெஷினை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டான், பிளேடு மழுங்கியிருக்கிறது என்றேன். மயிலாத்தா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் களை பறிக்க உட்கார்ந்தார்.

படி

கல் பதிக்கிற ஆட்கள் வருவதாக இருந்த காலையில் அவர்களுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று வண்டியை விரட்டினேன். மேற்கே மலை தெரியாதபடி பனி. கேட் அன்றைக்குத் திறந்தே இருந்தது.

செருப்பைக் கழற்றினேன். தடத்தின் மேல் கால் படாமல் ஓரமாகவே நடந்து போனேன். இரண்டு வாரப் புல், நன்றாக வளர்ந்திருந்தது. தடம் கேட்டிலிருந்து நேராக வந்து, நடுவில் நிற்காமல், படிக்கு அடியில் போய் முடிந்தது. அங்கே புல் ஒரு கைப்பிடி அகலத்துக்கு அமுங்கியிருந்தது. கடைசிப் படியில், சிமெண்டின் மேல், ஈரமாக ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. அதை நான் உற்றுப் பார்க்கவில்லை.

தேவராஜ் அண்ணன் வாசல் கதவருகே நின்றிருந்தார். குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். போர்ட்டிகோவுக்கு இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் படியோரம் கீழே நான்.

"அண்ணா, ஆள் வந்துருவாங்க" என்றேன். "பதினாலாயிரம் சொல்றேன். நீங்க ஒரு வெலை கேளுங்க."

"இருங்க" என்றார். "ஊட்ல கேட்டுச் சொல்றேனுங்க."

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அப்பாடா, மனிதர் சுதாரித்துக்கொண்டார். போத்தனூர்க்காரர் செய்ததைத்தான் இவரும் செய்கிறார், உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஏதாவது ஒரு தொகை சொல்லப்போகிறார், நித்யாவுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

செருப்புச் சத்தம் கூடத்தைத் தாண்டி அடுப்படிப் பக்கம் போய் நின்றது. தண்ணீர் மொள்ளும் சத்தம் வரவில்லை. பிறகு அவர் "ம்" என்றார். கொஞ்சம் விட்டு இன்னொரு "ம்". சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பவர் போடுகிற "ம்". செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"ஆறாயிரத்தி நானூறுன்னாத்தான் கட்டுமாமுங்க" என்றார்.

என் மனக்கணக்கில் வந்த அந்தத் தொகையை நான் யாரிடமும் சொல்லவில்லை. மயிலாத்தாவிடம் இல்லை, என் வீட்டுக்காரரிடம் இல்லை. பட்டறை நடத்தியவர்தானே, அவரும் கணக்குப் போட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிதானமாகக் கூட்டினால் யாருக்கும் அதே தொகை வரும். வரும்தானே?

சரி என்றேன். ஒரு பைசா கூடக் கேட்கவில்லை. நித்யாவைக் கூப்பிட்டு, அப்பா பேரம் பேசிவிட்டார், கறாராகப் பேசி பாதிக்கு மேல் குறைத்துவிட்டார் என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கல்லை இன்றைக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள். அப்பா எப்படிப் பேசினார் என்று கேட்டாள். உங்கம்மா மாதிரியே பேசினார் கண்ணு என்றேன். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் அப்படிச் சொன்னேன்.

போனை வைத்துவிட்டுக் கிளம்பத் திரும்பினேன்.

"அம்மிணி, இன்னொண்ணுஞ் சொல்லச் சொன்னாங்க" என்றார் அண்ணன். கதவருகிலிருந்து அவர் நகரவில்லை. "படிக்குக் கீழ, உங்க எடது கால்கிட்ட, கோரை ஒண்ணு நிக்குதாமா. கெழங்கோட எடுக்கோணுமாமுங்க. உங்க ஆளுக மேலாப்ல கிள்ளிப்போட்டுப் போயிர்றாங்களாமா."

கைப்பிடிச் சுவருக்கு அப்பால் நிற்கிறவருக்கு என் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது. நான் குனிந்து பார்த்தேன். என் இடது கட்டைவிரலை ஒட்டி, ஒரே ஒரு கோரை நிமிர்ந்து நின்றது. போன வாரம் மேலாகக் கிள்ளிய காயம்கூட அதன் நுனியில் இருந்தது.

உட்கார்ந்தேன். விரலை மண்ணுக்குள் விட்டுத் துழாவி, கிழங்கு உடையாமல் எடுத்தேன். மண்ணை உதறி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"எடுத்துட்டேனுங்க அக்கா" என்றேன், திறந்திருந்த கதவுக்கு உள்ளே பார்த்து.